கோமதி யாருக்குச் சொல்லிக்கொடுத்தான்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கல் லீவில் கயத்தாறு போயிருந்தபோது, ஆச்சியிடம் கம்மஞ்சோறு ஆக்கக் கற்றுத்தரச் சொன்னேன். மொபைலை ரெக்கார்டிங்கில் போட்டு அடுப்புத் திண்டில் சாய்த்து வைத்திருந்தேன். லேப்டாப்பில் ஒரு எக்ஸெல் ஷீட் திறந்திருந்தது. பொருள், அளவு, நேரம், குறிப்பு என்று நாலு கட்டங்கள். ஆச்சி அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ஏய்யா, உனக்கு என்ன குறை? நெல்லுச்சோறு கெடைக்கலையா?"

நான் விடவில்லை. நம்ம ஊர்ச் சாப்பாடு நம்மோடு அழிந்துவிடக் கூடாது, அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்று ஏதோ பேசினேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "உங்க தாத்தனுக்கு அடுப்படி எந்தத் திசையில இருக்குன்னு தெரியாது. நீ கேக்குதியே, அது சந்தோசம். ஆனா அந்தக் கம்ப இடிச்சு இடிச்சு உள்ளங்கை காச்சுப்போய்க் கெடந்தோம். அது எங்களோட போகட்டும்."

அந்த ஷீட் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. வீட்டில் கிடைக்காததைப் புத்தகத்தில் தேடுவது என்னைப் போன்றவர்களின் பழக்கம். கரிசல் இலக்கியத்தில் எங்கள் அடுப்படி பத்திரமாக இருக்கும் என்று நம்பி, முன்பு வாசித்த கதைகளையெல்லாம் திரும்ப எடுத்தேன். தேடிப்போனது கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் கயத்தாறு வரும். 1799 அக்டோபர் 16, ஒரு புளியமரம், அவ்வளவுதான். அங்கிருந்து கோவில்பட்டிக்குப் போகும் வழியில் இடைசெவல். இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு இந்தச் சாலையில் அதுதான் முக்கியமான நிறுத்தம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒரே ஆண்டில், 1923இல், அந்தச் சின்ன ஊரில் பிறந்தவர்கள். அழகிரிசாமி 1970இல் போய்விட்டார். கி.ரா. 2021 வரை இருந்தார். கல்லூரிப் பக்கமே போகாத ஒரு சம்சாரி, தன் மண்ணின் பேச்சுக்கு ஓர் அகராதி தொகுத்தார். வெஞ்சனம், கும்பா, சுளகு, குந்தாணி என்று எங்கள் வீட்டில் புழங்கிய சொற்களை வெட்கமில்லாமல் எழுத்தில் எழுதலாம் என்ற தைரியம் எங்களுக்கு வந்தது அவரால்தான்.

வெஞ்சனம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எது இருக்கிறதோ அது வெஞ்சனம். கருவாடும் வெஞ்சனம், துவையலும் வெஞ்சனம், ரெண்டு வெங்காயமும் வெஞ்சனம்தான். 'இன்னைக்கு என்ன வெஞ்சனம்?' என்று கேட்பது, இன்றைக்கு அடுப்படியில் என்ன இருக்கிறது என்று கேட்பதுதான். இந்த மண்ணில் முதலில் கையிருப்பு, அப்புறம்தான் பதார்த்தம்.

சமையல் குறிப்பு என்ற எழுத்து வடிவம் இதற்கு நேர் எதிர்த்திசையில் நடக்கிறது. தமிழில் அந்த வடிவத்தின் பெரிய சாதனை எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951இல் வந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். உறவுப் பெண்கள் கடிதம் எழுதிக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகப் பக்குவம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். இதைப் புத்தகமாகவே போடேன் என்று அவருடைய உறவுக்காரப் பெரியவர் ஒருவர் தூண்ட, நூல் உருவானது. கல்யாணமாகி வேற்றூருக்குப் போன, மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இல்லாத பெண்தான் அதன் வாசகி. இன்றும் வெளிநாட்டுக்குப் போகிற எத்தனையோ பெண்களின் பெட்டிகளில் அது போகிறது.

இந்த நூலைப் பிராமணச் சமையல் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. அது சோம்பேறித்தனமான விமர்சனம் என்று நினைக்கிறேன். கைப்பக்குவம் என்று மழுப்பப்பட்டு வந்த ஓர் அறிவை, எதிரே இல்லாத ஒருத்திக்குப் புரிகிற மாதிரி வாக்கியமாக்கியது எளிய காரியம் அல்ல. நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன். முன்பின் தெரியாத ஒருவர் படித்து இயக்கும்படி ஓர் ஆவணம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மீனாட்சி அம்மாள் அதை நன்றாகவே செய்தார்.

ஆனால் எந்த ஆவணத்துக்கும் சொல்லப்படாத நிபந்தனைகள் உண்டு. இந்த வடிவத்துக்கு நிபந்தனை, சாமான் வீட்டில் இருக்கிறது என்பது. பருப்பு இத்தனை, புளி இத்தனை என்று எழுதும்போதே, அந்தப் பருப்பும் புளியும் எட்டும் தூரத்தில் இருப்பதாக ஆகிவிடுகிறது. எத்தனை பேருக்கு என்பதும் முதலிலேயே முடிவாகிவிடுகிறது. கயத்தாற்று அடுப்படியில் இந்த இரண்டுமே நிச்சயமில்லை.

*

ஆச்சி சொல்லித்தர மறுத்த கம்மஞ்சோற்றை எங்கள் அத்தை ஒருத்தி ஒரு மத்தியானம் வாயால் சொன்னாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை, சொல்ல மட்டும்தான் செய்தாள். கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, கொஞ்சம் ஊறவிட்டு, உரலில் போட்டுக் குத்த வேண்டும். உமி கழன்றதும் சுளகில் போட்டுப் புடைக்க வேண்டும். மறுபடி குத்திச் சலித்து, மாவு தனி, குருணை தனி என்று பிரிக்க வேண்டும். உலை கொதித்ததும் முதலில் குருணை. அது வெந்து வரும்போது மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை சளைத்தால் அடிபிடிக்கும். இறக்கி, ஆறவைத்து, கையை நனைத்து உருண்டை பிடித்துத் தண்ணீருக்குள் போட்டு வைத்தால் மறுநாளைக்கும் ஆச்சு. மோர் இருந்தால் மோரில் கரைத்துக் குடிக்கலாம். இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரிலேயே.

இதில் அடுப்பில் நடப்பது கால்வாசி. மிச்சமெல்லாம் உரலில் நடக்கிறது. அதுவும் காட்டில் களையெடுத்துவிட்டு வந்த பிறகு, இல்லையென்றால் விடிவதற்கு முன்னால். 'கம்மஞ்சோறு ஆக்கும் முறை' என்று எழுத உட்கார்ந்தால் அந்தக் கால்வாசியைத்தான் எழுதுவேன். உள்ளங்கையின் காய்ப்பு எந்தக் கட்டத்திலும் வராது. ஆச்சிக்கு அது தெரியும்.

அளவு எவ்வளவு என்று அத்தையிடம் கேட்டேன். "இருக்கிறதுக்குத் தக்கன" என்றாள். ஆள் கூடிவிட்டால்? "ஒரு செம்பு தண்ணி கூட ஊத்துறது." எனக்கு இது மழுப்பலாகத் தோன்றவில்லை. இதுவும் ஒரு துல்லியம்தான். தானியத்தின் எடை அல்ல, வீட்டிலுள்ள தலைகள்தான் அதன் அளவை.

சில பதார்த்தங்கள் ஏட்டில் ஏறவே மறுப்பவை. மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் தானாகப் படர்கிற அதலைக்காய் அப்படிப்பட்டது. பாகற்காய்க்குத் தம்பி மாதிரி, விரல் நுனி அளவில், அதைவிடக் கசப்பாக இருக்கும். வருஷத்தில் சில வாரங்கள்தான் சந்தைக்கு வரும். வாங்கின அன்றைக்கே வதக்கிவிட வேண்டும், போட்டு வைத்தால் வெடித்துவிடும். விருதுநகர், கோவில்பட்டி பக்கத்து ஆட்கள் அதற்காகக் காத்திருப்பார்கள். வெளியூர்க்காரருக்குப் பெயரே தெரியாது. அதன் பக்குவத்தை எழுதி வைத்தால், வாசிப்பவருக்குக் கிடைக்கப்போவது குறிப்பு மட்டும்தான், காய் அல்ல.

அதே ஊர்ப்பக்கத்துக் கடலைமிட்டாயைப் பாருங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியான விஷயம். அதற்கு விண்ணப்பம் போட உற்பத்தியாளர் சங்கம் இருந்தது, எழுத்தில் சொல்லக்கூடிய செய்முறை இருந்தது. அதலைக்காய்ப் பொரியலுக்கும் கம்மஞ்சோற்றுக்கும் சங்கம் கிடையாது. கடையில் விற்கும் பண்டத்துக்கு ஆவணம் இருக்கிறது, வீட்டில் ஆக்குவதற்கு இல்லை. அப்படியானால் வீட்டுச் சமையல் எதன் வழியாகத்தான் கைமாறுகிறது? என் கேள்விக்கான முதல் பதிலை கு. அழகிரிசாமியிடம் கண்டேன்.

*

'ராஜா வந்திருக்கிறார்' கதையை உணவுக் கதையாக யாரும் சொல்வதில்லை. தீபாவளிக்கு முந்தின பொழுது. ஏழைத் தாய் தாயம்மாள், அவளுடைய பிள்ளைகள். ஊரின் பணக்கார வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாக அந்த வீட்டுப் பையன் பெருமையடிக்கிறான். இங்கே, தாய் தகப்பன் இல்லாத, உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த ஒரு பையன் வந்து நிற்கிறான். அவன் பெயரும் ராஜா. தாயம்மாள் அவனை உள்ளே கூப்பிட்டு, சோறு போட்டு, தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டி, வீட்டுக்காரருக்கு என்று வைத்திருந்த துண்டை அவனுக்குக் கட்டிவிடுகிறாள். மறுநாள் சிறுமி மங்கம்மாள் பணக்காரப் பையனிடம், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று சொல்கிறாள்.

பெரும்பாலும் இந்தக் கதையைத் தாய்மையின் கதையாகவே வாசிக்கிறோம். நான் இந்த முறை மங்கம்மாளைக் கவனித்தேன். தாயம்மாள் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எதையும் போதிக்கவில்லை. வீட்டில் இருப்பது நாலு பேருக்கே காணாது, ஐந்தாவது ஆள் வந்திருக்கிறான். அம்மா என்ன செய்கிறாள் என்று மங்கம்மாள் பார்க்கிறாள். அவளுக்கும் மனசு முழுதாக இடம் கொடுத்துவிடவில்லை, பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் மறுநாள் தெருவில் அவள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வாக்கியம், பாடம் இறங்கிவிட்டது என்பதற்குச் சாட்சி. அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டது. போனது எந்தப் பண்டத்தின் செய்முறையும் அல்ல, ஒரு செம்பு தண்ணீர் கூட ஊற்றுகிற மனசு.

கரிசல் வீடுகளில் கைமாறியது முதலில் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நானும் அம்மாக்களைப் புனிதப்படுத்தும் வழக்கமான வேலையைத்தான் செய்தவனாவேன். பகிர்வது வேறு, சமைப்பதில் பிரியம் வைப்பது வேறு. தாயம்மாளுக்குச் சமையல் பிடிக்குமா? கதை கேட்கவில்லை. ஆச்சிக்குப் பிடித்திருந்ததா? அன்றுவரை நானும் கேட்கவில்லை. பெண்ணாகப் பிறந்தவளிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உலை வைத்தாக வேண்டும்.

சமையலை நேசிக்கிற ஆளை நான் கரிசல் கதைகளில் தேடினேன். எனக்கு அழுத்தமாகக் கிடைத்த ஆள் பெண் இல்லை, அல்லது ஊர் பெண் என்று ஒப்புக்கொள்ளாத ஆள். கி.ரா.வின் கோமதி.

*

'கோமதி' சிறுகதையின் நாயகன் கோமதி செட்டியார். அக்காமார் பலருக்குப் பின் பிறந்து, ஜடையும் பூவுமாகப் பெண்பிள்ளை போலவே வளர்ந்தவன். கதை 'அவன்' என்கிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். பெண்களுக்கு நடுவில்தான் அவனுக்கு மூச்சு சீராக வரும். வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறான், அந்தக் கலையில் அவனுக்கு நிகர் இல்லை. அப்படி ரகுபதி நாயக்கர் குடும்பத்துக்கு வந்து சேர்கிறான். வீட்டுப் பெண்கள் அவனைத் தங்களில் ஒருத்தியாகவே வைத்துக்கொள்கிறார்கள். அவனுக்கு ரகுபதி மேல் மனசு போகிறது. அந்த மனசுக்கு அங்கே இடமில்லை. உடைந்து போகிறான்.

தமிழில் பால் அடையாளம் பற்றிய பேச்சே தொடங்காத காலத்தில் எழுதப்பட்ட கதை இது. இன்று அதை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கோணத்திலிருந்தே வாசிக்கிறார்கள். சரியான வாசிப்புத்தான். கேலியும் பரிவும் கலந்து ஓடும் கி.ரா.வின் தொனியை, இன்றைய கண்ணோடு சில இடங்களில் கேள்வி கேட்கவும் வேண்டும். ஆனால் கோமதி ஒரு சமையல்காரன் என்பதை இந்த வாசிப்புகள் தற்செயலான விவரமாக விட்டுவிடுகின்றன. எனக்கு அதுதான் கதையின் அச்சாணியாகத் தெரிகிறது.

யோசித்துப் பாருங்கள். அவன் விரும்பும் உடையை ஊர் சிரிக்கிறது. விரும்பும் நடையைச் சிரிக்கிறது. ஆனால் அவன் வைத்த குழம்பைச் சிரிக்க முடியாது, சப்புக்கொட்டித்தான் ஆக வேண்டும். அவன் தன்னை எந்தத் தடையும் இல்லாமல் இன்னொருவரிடம் கொடுக்கக்கூடிய ஒரே வழி அடுப்படி. அந்த வீட்டுப் பெண்களுக்குக் கடமையாக இருந்த இடம் இவனுக்கு விடுதலையாக இருக்கிறது. அவர்களுக்கு விதிக்கப்பட்டதை இவன் கேட்டு வாங்கிக்கொள்கிறான். சமையலில் பிரியம் பிறப்பதற்கு, அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் எங்கோ இருக்க வேண்டும் போல.

அவனுடைய சோகமும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. ஒருவர் நம் சமையலைப் புகழ்ந்தால் நம்மையே ஏற்றுக்கொண்டதாக நினைத்துக்கொள்கிறோம். கோமதியின் பிழை அது. இல்லை, பிழை என்று சொல்லக் கூடாது, எல்லா அடுப்படிகளிலும் நடக்கிற ஏமாற்றம் அது. 'எங்கம்மா கைமணம் வேற எங்கயும் வராது' என்று மேடையில் பேசும் மகன், அந்தக் கையை ஒருநாளாவது உற்றுப் பார்த்திருப்பானா? மணம் நமக்கு வேண்டும். கை யாருடையது, அதில் என்ன காய்ப்பு, அந்த ஆளுக்கு என்ன ஆசை என்பது வேண்டாம். ரகுபதி நாயக்கர் வீடு கோமதிக்குச் செய்ததைத்தான் நம் வீடுகள் நாகரிகமாகச் செய்துகொண்டிருக்கின்றன. கேமராவை அடுப்புத் திண்டில் வைத்த நானும் அதைத்தான் செய்தேன். கேமராவின் பார்வையில் சட்டி இருந்தது. ஆச்சியின் முகம் இல்லை.

கோமதி தன் பக்குவத்தை யாருக்குச் சொல்லிக்கொடுத்தான் என்ற கேள்வியோடு கதையை மூடினேன். கதையின் அக்கறை அதுவல்ல. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. மகளும் மருமகளும் பேத்தியும் இல்லாத ஒருவனிடம் இருந்த அவ்வளவு ருசியும் எங்கே போனது? வழிவழியாக என்று சொல்லும்போது நாம் ரத்த வழியை மட்டும்தானே நினைக்கிறோம்.

*

ரத்த வழி என்று பேசினால் யாருடைய வீடு என்ற கேள்வியும் வரும். 'கரிசல் சமையல்' என்று ஒன்றாகச் சொல்கிறோம். நிலம் வைத்திருந்தவர் வீட்டில் நெய்யும் மோரும் இருந்தன. கூலிக்குப் போனவர் வீட்டில் கிடைத்த தானியம் இருந்தது. தோல் வேலைக்கும் ஊர் வேலைக்கும் கூலியின் ஒரு பகுதியாகப் பிறர் வீட்டு வாசலில் நின்று சோறு வாங்க வைக்கப்பட்ட குடும்பங்களும் இதே மண்ணில் இருந்தன. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பூமணி 1979இல் 'பிறகு' நாவலில் எழுதியது அப்படியொரு குடும்பத்தை, தோல் வேலை செய்யும் அழகிரியின் வாழ்க்கையை. பல வீட்டுக் குழம்பு ஒரே பாத்திரத்தில் விழுந்தால் அதற்குப் பெயர் என்ன? அந்தப் பிள்ளைக்குப் 'பாட்டி கைப்பக்குவம்' என்று நினைவுகூர எது இருக்கும்? பாரம்பரிய உணவு பற்றிய நம் உருக்கமான எழுத்துகள் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. பூமணியை வாசித்துவிட்டு அப்படிக் குதிக்க முடியாது.

2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் கம்பும் குதிரைவாலியும் அழகான பாக்கெட்டில் வருகின்றன. நல்லதுதான், வாங்குகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் இதே மாநிலத்தில் 2011இலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே நெல்லுச்சோறு கண்ட தலைமுறைக்கு, தினமும் வெள்ளைச் சோறு என்பது அறியாமை இல்லை, ஜெயித்தது. 'நெல்லுச்சோறு கெடைக்கலையா' என்று ஆச்சி கேட்டதில் ஒரு வரலாறே இருக்கிறது. அவள் ஜெயித்து வந்த இடத்திலிருந்து நான் திரும்பிப் போகக் கேட்டிருக்கிறேன்.

பட்டினிக்கும் சமையல் குறிப்புக்கும் உள்ள உறவு எல்லா இடத்திலும் ஒன்று போல இருப்பதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது நாஜிகள் நடத்திய தெரேசியன்ஸ்டாட் முகாமில், பசியில் செத்துக்கொண்டிருந்த யூதப் பெண்கள் தங்கள் வீட்டுப் பலகாரங்களின் செய்முறைகளை ஒருவருக்கொருவர் சொல்லி எழுதி வைத்தார்கள். மினா பெக்டர் என்ற முதியவர் 1944இல் அங்கேயே இறந்தார். இறப்பதற்கு முன் அந்தக் காகிதக் கட்டை மகளிடம் சேர்க்கும்படி ஒருவரிடம் ஒப்படைத்தார். அது பல கைகள் மாறி, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் இருந்த மகளிடம் வந்து சேர்ந்தது. 1996இல் புத்தகமாகவும் வந்தது. பல குறிப்புகளில் பொருள்கள் விட்டுப்போயிருக்கின்றன, அளவுகள் தவறு. அவற்றை வைத்து அப்படியே சமைத்துவிட முடியாது.

அவர்களுக்குப் பின்னால் ஒரு நிறைந்த வீடு இருந்தது. பசியில் அதை எழுதினார்கள். ஆச்சிக்குப் பின்னால் இருந்தது பசி. அதை வயிறு நிறைந்த காலத்தில் அவள் எழுதக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கலாம் என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். மரபு என்றால் மூத்தவர்களிடம் இருப்பதையெல்லாம் நாம் உருவி எடுத்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன். கொடுக்கிறவளுக்கும் அதில் ஒரு சொல் உண்டு.

*

போன வருஷம் ஊருக்குப் போனபோது கேள்வியை மாற்றிக் கேட்டேன். "ஆச்சி, உனக்கு ஆக்கப் பிடிச்சது எது?"

யோசிக்கவே இல்லை. "பள்ளிக்கூடத்துச் சாம்பார்ச்சோறு" என்றாள்.

ஆச்சி கொஞ்ச காலம் சத்துணவு மையத்தில் சமையல் வேலை பார்த்தது எனக்குத் தெரியும். அது ஒரு வீட்டுச் சமையல் நினைவாக இருக்கும் என்றுதான் தோன்றியதில்லை. காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம் 1956இல் இங்கே பக்கத்து எட்டயபுரத்தில்தான் தொடங்கியது. ஆச்சி வேலைக்குப் போனது எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக விரிவாக்கிய பிறகு. பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, இத்தனை பருப்பு, இத்தனை எண்ணெய் என்று சுவரில் ஒரு பட்டியல் இருக்குமாம். அவ்வளவாக எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கு அந்தப் பட்டியல் இன்றைக்கும் மனப்பாடம். வாழ்க்கையில் அளவோடு, கிராம் கணக்கில், அவள் கையாண்ட ஒரே சமையல் குறிப்பு அரசாங்கம் எழுதியது.

"சாமான் அளந்து வந்துரும்யா. இருக்கா இல்லையான்னு ரோசிக்க வேண்டாம். நூறு பிள்ளைக தட்டத் தூக்கிட்டு வரும். ஒரு பய மறுசோறு கேட்டுட்டான்னு வையி..." என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் சமையலைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அங்கே அவளுக்குச் சம்பளம் இருந்தது, குறைவாக என்றாலும் அவள் பெயரில். கையிருப்பைப் பற்றிய பயம் இல்லை. தன் வயிற்றில் பிறக்காத நூறு பிள்ளைகளுக்கு ஆக்கியபோதுதான் அவளுக்கு ஆக்கப் பிடித்திருந்தது. கோமதி ஞாபகம் வந்தான். அவனுக்கும் அடுப்பு இன்னொருவர் வீட்டில்தான் கிடைத்தது.

இந்தத் தடவை சொல்லிக்கொடுத்தாள். சிக்கல் என்னவென்றால், அவளுக்கு அது நூறு பேருக்குத்தான் தெரியும். பத்துக் கிலோ அரிசிக்கு ஒரு கணக்கு. இருபத்தைந்தால் வகுத்தால் நாலு பேருக்கு வந்துவிடும் என்று போட்டேன், வரவில்லை. பெரிய அண்டாவில் ஆவியாகப் போகிற தண்ணீர் விகிதத்தில் குறைவு. சின்னக் குக்கரில் தண்ணீரை அதே விகிதத்தில் குறைத்தால் சோறு விறைக்கிறது. தாளிப்பு அந்த விகிதத்தில் குறைத்தால் மணக்கவே இல்லை. அண்டாவில் ஒரு மணி நேரம் பருப்பும் காயும் அரிசியும் சேர்ந்து கொதிக்கிற குழைவு, மூன்று விசிலில் வராது. நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண்ணை மாற்றிப் பார்த்து, சாம்பார்ச்சோற்றுக்கென்று புதிதாகத் திறந்த எக்ஸெல் ஷீட்டில் குறித்து வைத்தேன். கம்மஞ்சோற்று ஷீட்டை அழிக்கவில்லை. அது காலியாக இருப்பதும் ஒரு தகவல்தான்.

ஒருவழியாகச் சரியாக வந்த அன்று ஆச்சிக்கு வீடியோ கால் போட்டு, மூடியைத் திறந்து காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நிறம் சரியாக இருக்கிறதாம்.

"எத்தன பேரு சாப்புடுதாக?"

"நான் மட்டும்தான் ஆச்சி."

"ஒத்த ஆளுக்கு எதுக்குய்யா இந்தப் பாடு? யாரையாச்சும் கூப்பிடு."

எதிர் ஃபிளாட்டில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். லிப்டில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், பெயர்கூடத் தெரியாது. கதவைத் தட்டினேன்.